புதுப் படம் எப்படி இருக்கு? 2024-ல் தியேட்டரில் பார்த்த படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருச்சிக்காரி. புதுப் படம் வந்தால் முதல் வாரத்துக்குள் தியேட்டரில் பார்த்துவிடுவேன். அதனால் ஆபீசிலும் சரி, எதிர் வீட்டிலும் சரி, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்திலும் சரி, "அந்தப் படம் எப்படி இருக்கு, போகலாமா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் 2024-ல் வந்த படங்கள். முக்கியமான முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை. இன்னும் பார்க்காதவர்கள் தைரியமாகப் படிக்கலாம்.

"ஒரு மாசம் பொறுத்தா வீட்டுலயே வந்துடுதே அக்கா, எதுக்குக் காசு கொடுத்துத் தியேட்டருக்குப் போகணும்?"

வந்துவிடுகிறதுதான். தமிழ்ப் படங்களுக்கு இப்போது பெரும்பாலும் நான்கு வாரக் கணக்கு. ஜூன் 14-ல் வெளியான மகாராஜா ஜூலை 12-ல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்துவிட்டது. வீட்டில் பார்ப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் ஷிஃப்ட் வேலைக்காரர்களும் வேறு என்ன செய்வார்கள்?

ஆனால் சில படங்களைக் கூட்டத்தோடு பார்த்தால்தான் முழுசாகப் பார்த்த மாதிரி இருக்கும். லப்பர் பந்தில் அந்த விஜயகாந்த் பாட்டு வந்தபோது எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், மடியில் இருந்த பாப்கார்ன் டப்பாவைப் பேரன் கையில் கொடுத்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினார். பேரன் படத்தை விட்டுவிட்டுத் தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு முடியும்போது அவனும் எழுந்து நின்றுவிட்டான். இதைக் காசு கொடுத்து வீட்டுக்கு வரவழைக்க முடியாது.

"இந்த வருஷம் ஒரே ஒரு படம்தான் சொல்லணும்னா எதைச் சொல்வீங்க?"

தியேட்டரில் பார்க்கவேண்டிய படம் என்றால் லப்பர் பந்து. மனசுக்கு நெருக்கமான படம் என்றால் மெய்யழகன். இரண்டும் செப்டம்பரில் ஒரு வார இடைவெளியில் வந்தவை: முதலாவது 20-ந்தேதி, அடுத்தது 27-ந்தேதி. அந்த மாதத்தை நான் மறக்கவே மாட்டேன்.

எனக்கு 2024 சின்னப் படங்களின் வருஷம். கோடிக் கணக்கில் விளம்பரம் செய்த படங்கள் பல வந்தன, போயின. ஜனங்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிச் சொல்லி ஓடவைத்த படங்கள்தான் வருஷம் முடிந்த பிறகும் பேச்சில் இருக்கின்றன. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் அந்தப் படங்களைப் பற்றித்தான்.

"லப்பர் பந்து கிரிக்கெட் படமாமே? எனக்கு எல்.பி.டபிள்யூ.ன்னா என்னன்னே தெரியாது. போகலாமா?"

தாராளமாகப் போகலாம். ஊர் டோர்னமென்ட், ரப்பர் பந்து, டீ-ஷர்ட் பின்னால் பெயர், மைக்கில் வர்ணனை. இவ்வளவுதான் அதில் இருக்கிற கிரிக்கெட். கதை இரண்டு ஆம்பிளைகளின் வீறாப்பு பற்றியது. அட்டகத்தி தினேஷ் நடித்த கெத்து, நாற்பதைத் தாண்டியும் மட்டையைக் கீழே வைக்காத ஆள். ஹரிஷ் கல்யாண் நடித்த அன்பு, நல்ல பந்துவீச்சாளன். கெத்துவை எப்படி அவுட்டாக்கலாம் என்று அன்பு பேசிய பேச்சு கெத்துவின் காதுக்குப் போகிறது. அங்கே தொடங்குகிறது வம்பு. அன்பு காதலிக்கும் துர்கா, கெத்துவின் மகள் என்பது அப்புறம்தான் தெரியவருகிறது.

எனக்குப் பிடித்தது அந்த வீட்டுப் பெண்களை எழுதியிருக்கும் விதம். கெத்துவின் மனைவி யசோதையாக வரும் ஸ்வாசிகா, புருஷன் மேல் கோபம், பாசம், சலிப்பு மூன்றையும் ஒரே பார்வையில் காட்டுகிறார். சாதி பார்த்து அன்பை டீமில் சேர்க்காமல் வைத்திருக்கும் விஷயத்தையும் இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து பிரசங்கம் செய்யாமல் ஆட்டத்துக்குள்ளேயே வைத்துச் சொல்லிவிடுகிறார். அவருக்கு இது முதல் படம் என்றால் நம்ப முடியவில்லை.

கிரிக்கெட் பிடித்தவர்களுக்கு இன்னொரு படமும் இருக்கிறது. ஜனவரியில் வந்த ப்ளூ ஸ்டார், அரக்கோணத்து ஊர் அணிகளின் கதை. லப்பர் பந்தைப் பார்த்தவர்கள் அதையும் தேடிப் பார்க்கவேண்டும்.

"பழைய விஜயகாந்த் பாட்டுக்கு ஏன் இப்படிக் கத்துறாங்க? இது புதுப் பாட்டு இல்லையே?"

அது 1989-ல் வந்த பொன்மனச்செல்வன் படத்துப் பாட்டு, இளையராஜா இசை. லப்பர் பந்தில் கெத்து தீவிர விஜயகாந்த் ரசிகர். அவர் களம் இறங்கும்போது அந்தப் பாட்டை ஒலிபெருக்கியில் போடுவார்கள். நம் ஊர் டோர்னமென்ட்டில் நிஜமாகவே இப்படித்தான் நடக்கும், அதனால் அது திணித்த மாதிரி தெரியவில்லை.

காலமும் சேர்ந்துகொண்டது. விஜயகாந்த் 2023 டிசம்பர் 28-ல் காலமானார். அவர் போன முதல் வருஷத்தில் இந்தப் படம் வருகிறது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் செப்டம்பர் 5-ல் வந்த விஜய்யின் கோட் படத்திலும் செயற்கை நுண்ணறிவு மூலம் அவர் முகத்தைக் கொண்டுவந்திருந்தார்கள், அங்கேயும் நல்ல கைதட்டல். ஆனால் கோட் படத்தில் கைதட்டல் மட்டும்தான். லப்பர் பந்தில் கண்ணைத் துடைத்தவர்களையும் பார்த்தேன். ஒரு ரசிகனைக் காட்டியே ஒரு நடிகருக்கு மரியாதை செய்துவிட்டார்கள்.

"மகாராஜா இடைவேளை வரைக்கும் ஒண்ணுமே புரியல சித்தி. எனக்கு மட்டும்தானா?"

எல்லோருக்கும் அப்படித்தான், படத்தை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். சலூன் வைத்திருக்கும் ஒரு மனுஷன், வீட்டில் லட்சுமியைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிறார். லட்சுமி யார் என்று பார்த்தால் குப்பைத்தொட்டி! அதைக் கண்டுபிடித்துக் கொடுக்க லட்சக்கணக்கில் தரவும் தயாராக இருக்கிறார். போலீஸ்காரர்களோடு சேர்ந்து நாமும் சிரிக்கிறோம். சம்பவங்களை முன்பின்னாகக் கலைத்து வைத்திருக்கிறார் இயக்குநர் நித்திலன் சாமிநாதன். எது எப்போது நடந்தது என்பதைச் சொல்லாமல் மறைத்திருப்பதில்தான் படமே இருக்கிறது.

அதனால் இடைவேளையில் குழம்பிக்கிடந்தால் கவலைப்படவேண்டாம், போனையும் நோண்டவேண்டாம். நகை, கட்டிங், காதில் கிடக்கும் காயம் மாதிரி சின்னச் சின்ன விஷயங்களைக் கவனித்துக்கொண்டே இருங்கள். கடைசியில் எல்லாம் வந்து பொருந்தும்போது சுற்றிலும் ஒரு சத்தம் இல்லை. கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அது. விஜய் சேதுபதிக்கு 50-வது படம். அவர் முகத்தில் ஒன்றுமே காட்டாமல் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் தெரிந்த பிறகு முதல் பாதியை மனசுக்குள் மறுபடி ஓட்டிப்பாருங்கள், அத்தனை சிரிப்பும் வேறு மாதிரி ஆகிவிடும்.

"மெய்யழகன்ல ஒண்ணுமே நடக்கலையே, ரெண்டு பேர் ராத்திரி முழுக்கப் பேசிக்கிட்டே இருக்காங்க. இதைப் போய் ஏன் கொண்டாடுறீங்க?"

சொத்துத் தகராறில் 1996-ல் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன குடும்பம். வருஷக் கணக்கில் அந்தப் பக்கமே வராத அருள்மொழி, தங்கச்சி முறையாகும் புவனாவின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். தலையைக் காட்டிவிட்டு ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடலாம் என்று திட்டம். அங்கே 'அத்தான், அத்தான்' என்று ஒருத்தர் ஒட்டிக்கொள்கிறார். யார் அவர், என்ன பெயர் என்று அருளுக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். அரவிந்த்சாமியும் கார்த்தியும் இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் முழுப் படத்தையும் கொண்டுபோகிறார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை என்பவர்களிடம் நான் சொல்வது ஒரே ஒரு காட்சியைத்தான். கல்யாண மேடையில் அருள் பரிசுப் பையைக் கொடுத்துவிட்டு இறங்கப்பார்க்கிறார். புவனா விடவில்லை. அங்கேயே, அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போதே, பையைப் பிரித்து நகையை எடுத்துப் போட்டுப் பார்க்கிறாள். மேடையில் பரிசை வாங்கி அப்படியே பின்னால் கொடுப்பதுதான் நம் வழக்கம். அந்த வழக்கத்தை ஒரு பெண் உடைக்கும்போது, இத்தனை வருஷம் அந்த அண்ணனுக்காக அவள் எப்படி ஏங்கியிருப்பாள் என்பது ஒரு வசனம் கூட இல்லாமல் புரிந்துவிடுகிறது. என் பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். எங்கள் பக்கத்து ஜனங்களில் பங்காளித் தகராறு இல்லாத குடும்பம் எது? தஞ்சாவூர், திருவாரூர்க்காரர்கள் இந்தப் படத்தைத் தங்கள் வீட்டுக் கதையாகப் பார்த்ததற்குக் காரணம் அதுதான்.

கார்த்தி ஓயாமல் பேசுவது முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். அருளுக்கும் எரிச்சல்தான். அந்த எரிச்சல் எந்த இடத்தில் கரைகிறது என்று பாருங்கள். எனக்கு அந்த சைக்கிள் விஷயம் தெரியவந்த இடத்தில் கரைந்தது. கோவிந்த் வசந்தாவின் இசையில் கமல்ஹாசன் பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது, அதற்காகவே நல்ல சவுண்ட் இருக்கும் தியேட்டராகப் பார்த்துப் போயிருக்கவேண்டும்.

"அதை 18 நிமிஷம் வெட்டிட்டாங்களாமே? எதைப் பார்க்கறது நல்லது?"

முதலில் வந்தது ஏறக்குறைய மூன்று மணி நேரம். நீளம் அதிகம் என்று பேச்சு வந்ததும், வெளியான சில நாட்களிலேயே இயக்குநர் பிரேம்குமார் 18 நிமிடத்துக்கு மேல் குறைத்துவிட்டார். மனசே இல்லாமல்தான் வெட்டினேன் என்கிற மாதிரிதான் அவர் பேசினார்.

நான் முழு நீளப் படத்தின் கட்சி. தூக்கம் வராத ஒரு ராத்திரியில் இரண்டு பேர் பேசும் பேச்சு சுற்றிவளைத்துத்தான் போகும். ஜல்லிக்கட்டும் சோழர் கதையும் கொஞ்சம் இழுவை என்பது உண்மை. ஆனால் அந்த இழுவையோடு சேர்த்துத்தான் அந்த ஆளை நமக்குப் பிடித்துப்போகிறது. பொறுமை குறைவானவர்கள் குறைத்த படத்தைப் பார்க்கலாம், முக்கியமான காட்சி எதுவும் போய்விடவில்லை.

"வாழை, கொட்டுக்காளி ரெண்டும் ஒரே நாள்ல வந்துச்சே. ஒண்ணுக்குத்தான் போக முடியும்னா எது?"

ஆகஸ்ட் 23. ஒரே வெள்ளிக்கிழமை இரண்டையும் வெளியிட்டதில் எனக்கு இன்னும் வருத்தம். இரண்டுமே கிராமம், இரண்டுமே ஒரு சில நாட்களுக்குள் நடக்கும் கதை. ஆனால் பார்க்கும் அனுபவம் ஒன்றுக்கொன்று துளியும் ஒட்டாது. நாற்காலியில் சாய்ந்து சிரித்து அழுது பார்க்கவேண்டும் என்றால் வாழை. முன்னால் குனிந்து உன்னிப்பாகப் பார்க்கத் தயார் என்றால் கொட்டுக்காளி.

வாழை, மாரி செல்வராஜ் தன் சின்ன வயசிலிருந்து எடுத்த கதை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் வாழைத்தார் சுமக்கப் போகவேண்டிய பையன் சிவனணைந்தன். அவன் ரஜினி ரசிகன், கூட்டாளி சேகர் கமல் ரசிகன். இரண்டு பேரும் அடிக்கும் லூட்டியில் முதல் பாதி போவதே தெரியாது. நடுவில் அந்தப் பையன் தார் சுமந்த கழுத்தைத் திருப்ப முடியாமல் நிற்கும் ஒரு காட்சி வரும். தூத்துக்குடிப் பக்கம் தாருக்கு இவ்வளவு என்று கூலி பேசுவது எப்படி, ஒரு ரூபாய் கூட்டிக் கேட்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பையனின் உயரத்திலிருந்து காட்டுகிறார்கள்.

"கொட்டுக்காளில பாதிப் படத்துக்கு மியூசிக்கே வரல. தியேட்டர்ல சவுண்ட் ரிப்பேரா?"

ரிப்பேர் இல்லை. படத்தில் பின்னணி இசையே கிடையாது, பாட்டும் கிடையாது. ஆட்டோ இன்ஜின், பைக், காற்று, சேவலின் சிறகு, சூரியின் கட்டைக் குரல். தொண்டையில் சுண்ணாம்பு பூசியிருப்பார், அந்தக் கரகரப்போடுதான் பேசுவார். இவைதான் இசை. இசை இல்லாததால் என்ன ஆகிறது என்றால், எங்கே பயப்படவேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லித்தருவதில்லை. படம் நெடுக அடிவயிற்றில் ஒரு கலக்கம் இருந்துகொண்டே இருக்கிறது.

வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் 'பேய் பிடித்திருக்கிறது' என்று முடிவுகட்டி, சாமியாடியிடம் கூட்டிக்கொண்டு போகிறது ஒரு குடும்பம். படம் முழுக்க அந்தப் பயணம்தான். அன்னா பென் அநேகமாக வாயே திறப்பதில்லை. வழியில் ஒரு காளை பாதையை மறித்து நிற்கும். ஆம்பிளைகள் எல்லோரும் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைப் பிடித்துக்கொண்டு போவாள். வசனமே தேவைப்படவில்லை. பி.எஸ். வினோத்ராஜ் இதற்கு முன் எடுத்த கூழாங்கல் 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. கொட்டுக்காளியும் 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் திரையிடப்பட்ட பிறகுதான் நம் ஊருக்கு வந்தது.

"சரி, கொட்டுக்காளி கடைசியில என்னதான் ஆச்சு? திடுக்குன்னு முடிஞ்சிருச்சே. ஏமாத்தின மாதிரி இல்லையா?"

நான் பார்த்த காட்சியிலும் விளக்குப் போட்டதும் "அவ்வளவுதானா?" என்று ஒரு குரல் கேட்டது. அந்த ஆத்திரம் நியாயமானது, ஆனால் ஏமாற்று வேலை என்று நான் நினைக்கவில்லை. சூரியின் பாண்டி, கடைசியில் அங்கே நடப்பதைக் கண்ணால் பார்க்கிறான். அவன் முகத்தில் ஏதோ அசைகிறது. அடுத்து அவன் என்ன செய்யவேண்டும் என்பதை நம்மிடம் விட்டுவிடுகிறார்கள். வெளியே வந்து பைக் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நாலு பேர் அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் அவன் மாறிவிட்டான் என்றார், இன்னொருத்தர் அவனாவது மாறுவதாவது என்றார். முடிவைச் சொல்லிவிட்டிருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்காது.

"காசு கொடுத்துப் போய் அழுதுட்டு வரணுமாம்மா? வீட்டுல இருக்கற கவலை போதாதா?"

இது என் மாமியார் கேட்டது. வாழைக்குக் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றுவிட்டார். அமரனுக்கு மட்டும் வந்தார், தீபாவளிப் படம் என்பதால்.

அத்தையிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். சும்மா பிழியப் பிழிய அழவைக்கும் படம் எனக்கும் ஆகாது. வாழையில் அழுகை கடைசியில்தான் வருகிறது, அதுவும் அந்தப் பையனின் பசியோடு சேர்ந்து வருகிறது. ஊரே சாவு விழுந்து கிடக்கும்போது ஒரு குழந்தைக்குப் பசிக்கிறது என்பதை நான் வேறு எந்தப் படத்திலும் இப்படிப் பார்த்ததில்லை. அந்த அழுகை மனசைக் கனக்கவைத்தாலும் கசக்கவைக்கவில்லை.

"அமரன் முடிவு எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே, என்ன விறுவிறுப்பு இருக்கும்?"

மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25-ல் காஷ்மீரின் சோபியான் பகுதியில் நடந்த மோதலில் உயிரிழந்தார். மறைவுக்குப் பின் அசோக் சக்ரா கொடுக்கப்பட்டது. இதெல்லாம் தெரிந்துதான் எல்லோரும் உள்ளே போகிறோம். இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி அதை மறைக்கவும் முயலவில்லை. மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸ் சொல்லும் கதையாகவே படத்தைக் கொண்டுபோகிறார்.

அதனால் நமக்கு 'என்ன ஆகும்' என்ற பதற்றம் இல்லை, 'எப்போது அந்த போன் வரும்' என்ற பதற்றம்தான். சண்டைக் காட்சிகளை நன்றாக எடுத்திருக்கிறார்கள், சிவகார்த்திகேயன் உடம்பையும் நடையையும் மாற்றியிருக்கிறார். என்றாலும் நான் சாய் பல்லவிக்காகத்தான் படத்தைச் சொல்வேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு எதிர்முனையில் கேட்கும் சத்தத்துக்கு அவர் முகம் மாறும் காட்சியில், அத்தை என் கையைப் பிடித்தவர் படம் முடியும்வரை விடவில்லை. வெளியே வந்ததும் "நல்ல படம்" என்று மட்டும் சொன்னார்.

"மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது. மஞ்ஞும்மல் பாய்ஸ் எப்படிப் பார்க்கறது?"

பிப்ரவரியில் வந்த இந்தப் படம் தமிழ்நாட்டில் மலையாளத்திலேயே ஓடியது, ஹவுஸ்ஃபுல்லாக ஓடியது. கொச்சிப் பக்கத்து மஞ்ஞும்மலிலிருந்து கொடைக்கானலுக்கு டூர் வரும் நண்பர்கள், 2006-ல் உண்மையாக நடந்த விபத்து. குணா குகையில் ஒருத்தன் விழுந்துவிடுகிறான். கொடைக்கானல் வந்ததும் பாதிப் பேச்சு தமிழில்தான். மீதியைக் கண்ணாலேயே புரிந்துகொள்ளலாம்.

1991-ல் வந்த குணா படத்தின் அந்தக் காதல் பாட்டை இங்கே நட்புக்கு எடுத்து வைத்திருக்கிறார் இயக்குநர் சிதம்பரம். கயிற்றில் அவர்களை மேலே இழுக்கும் நேரத்தில் பாட்டு ஏறுகிறது. தியேட்டரே சேர்ந்து பாடியது. நமக்கு முப்பது வருஷமாகத் தெரிந்த பாட்டுக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கிறது என்பதை ஒரு மலையாளப் படம் வந்து காட்டவேண்டியிருந்தது. லப்பர் பந்து பாட்டைப் பற்றி மேலே சொன்னேனே, இரண்டுமே இளையராஜா. பழைய பாட்டை எங்கே வைக்கவேண்டும் என்று தெரிந்தவர்கள் கையில் கிடைத்தால் அது புதுப் பாட்டாகிவிடுகிறது.

"பசங்களைக் கூட்டிட்டுப் போகலாமா? சர்டிஃபிகேட்டைப் பார்த்தா போதாதா?"

பார்க்கவேண்டும், அது மட்டும் போதாது. 'ஏ' என்றால் 18 வயசுக்குக் கீழ் உள்ளே விடக்கூடாது. தனுஷின் ராயன் அந்த வகை. குழப்பம் எல்லாம் பெற்றோர் பார்த்து முடிவு செய்யவேண்டிய யு/ஏ-வில்தான். 2024 நவம்பரிலிருந்து அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெற்றோருக்கு இது நல்ல உபகாரம், டிக்கெட் எடுக்கும் முன் எண்ணைப் பாருங்கள்.

என் கணக்கு இது: லப்பர் பந்து, மெய்யழகன் இரண்டுக்கும் யாரையும் கூட்டிப்போகலாம். ஆனால் மெய்யழகனில் சின்னதுகள் தூங்கிவிடும். வாழைக்குப் பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போவேன். மகாராஜாவுக்குக் கூடவே கூடாது. அதில் நடக்கும் கொடுமை பெரியவர்களாலேயே தாங்க முடியாதது.

"ஃபர்ஸ்ட் டே ஃபர்ஸ்ட் ஷோ பார்த்தாதான் கிக்கா? கேரளால விடியக்காலை 4 மணிக்கே போடறாங்க, இங்க ஏன் 9 மணி?"

2023 பொங்கலுக்கு நள்ளிரவுக் காட்சி போட்டபோது, கொண்டாட்டத்தில் ஓடும் லாரியில் ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் விழுந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு இங்கே அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி இல்லை. பெரிய படங்களுக்குச் சிறப்பு அனுமதி வாங்கினாலும் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். கோட் படத்துக்கும் அப்படித்தான். எனக்கு இதில் குறையே இல்லை. ஒரு உயிரை விடவா சினிமா?

முதல் காட்சிதான் பார்க்கவேண்டும் என்பதும் இல்லை. பெரிய ஹீரோ படங்களில் முதல் நாள் கூச்சலில் வசனமே காதில் விழாது. அந்தக் கூச்சலும் ஒரு சந்தோஷம்தான், அதற்காகவே போகிறவர்களை எனக்குத் தெரியும். கதைக்காகப் போகிறீர்கள் என்றால் சனி, ஞாயிறு மாலைக் காட்சி. கூட்டமும் இருக்கும், கவனமும் இருக்கும்.

"சத்தம் தாங்க முடியல, தலைவலியே வந்துடுது. எங்க உட்கார்ந்தா நல்லது?"

நடுவரிசைக்குக் கொஞ்சம் பின்னால், நடுப்பகுதியில். பக்கச் சுவரை ஒட்டிய இருக்கை வேண்டாம், அங்கே ஸ்பீக்கர் காதுக்கு நேராக இருக்கும். நவம்பரில் கங்குவா வந்தபோது சத்தம் அதிகம் என்று ஊரெல்லாம் புகார் வர, தயாரிப்பாளரே வால்யூமை இரண்டு புள்ளி குறைக்கச்சொல்லித் தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார். ஆக, நீங்களும் இடைவேளையில் ஆபரேட்டரிடம் சொல்லி அனுப்பலாம், தப்பே இல்லை. நாலு பேர் சேர்ந்து சொன்னால் குறைப்பார்கள்.

"ரிவ்யூ பார்த்துட்டுப் போகணுமா, பார்க்காம போகணுமா?"

யூடியூபில் முதல் காட்சி முடிந்த வாசலிலேயே மைக்கை நீட்டுகிறார்கள். இதனால் படம் விழுகிறது என்று நவம்பரில் தயாரிப்பாளர்கள் கொதித்தார்கள். வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே வரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை. கொடுக்காததுதான் சரி. பிடித்ததையும் பிடிக்காததையும் சொல்ல டிக்கெட் எடுத்தவருக்கு உரிமை உண்டு. லப்பர் பந்தை ஓடவைத்ததும் இதே வாய்கள்தானே?

மகாராஜா மாதிரிப் படங்களுக்கு ஒன்றும் படிக்காமல் போங்கள், டிரெய்லர் கூட வேண்டாம். கொட்டுக்காளி மாதிரிப் படங்களுக்கு எதிர்மாறாக, இசை இல்லை, முடிவு திறந்திருக்கும் என்ற இரண்டு விஷயமாவது தெரிந்துகொண்டு போனால் உள்ளே போய் முழிக்கவேண்டியிருக்காது.

"தனியாவா போவீங்க? பொம்பளை தனியா உட்கார்ந்தா ஒரு மாதிரி பார்க்கமாட்டாங்களா?"

பார்ப்பார்கள், டைட்டில் போடும் வரைக்கும். அப்புறம் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஆபீஸ் முடிந்து நேராக மாலைக் காட்சிக்குப் போவேன். குடும்பங்கள் இருக்கும் வரிசையாகப் பார்த்து ஓரத்து இருக்கை எடுப்பேன். கூட வர ஆள் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் நான் பாதிப் படங்களைப் பார்த்திருக்கவே மாட்டேன். தனியாகப் போக யோசிக்கிறவர்கள் முதலில் ஞாயிறு மதியக் காட்சியாகப் போய்ப் பாருங்கள்.

"ஜமான்னு ஒரு படம் சொன்னீங்க, போகலாம்னு பார்த்தா எங்கயுமே ஓடல. நல்ல படத்தை ஏன் ஒரே வாரத்துல தூக்கிடறாங்க?"

ஜமா ஆகஸ்ட் 2-ல் வந்தது. தெருக்கூத்தில் பெண் வேஷம் கட்டும் ஒருவன், அர்ஜுனன் வேஷம் கட்டி ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, நடத்த ஆசைப்படுகிறான். பாரி இளவழகன் எழுதி, இயக்கி, நடித்திருக்கிறார். வாத்தியாராக சேத்தன், இசை இளையராஜா. வேஷம் கலைத்த பிறகும் அந்த நளினம் உடம்பில் ஒட்டிக்கொண்டிருப்பதை வைத்து ஊர் அவனைக் கேலி செய்யும்போது எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வருஷத்தில் கவனிக்கப்படாமல் போன சிறந்த படம் இதுதான்.

தியேட்டர்காரர்கள் மேல் மட்டும் பழி போட முடியாது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் வசூலைப் பார்த்துத்தான் திங்கள் முதல் எத்தனை ஷோ என்று முடிவு செய்கிறார்கள். அடுத்த வெள்ளி புதுப் படம் வந்து நிற்கும். ஆள் வராத படத்துக்கும் கரண்ட், ஏசி, சம்பளம் எல்லாம் ஒன்றுதான். முதலில் காலைக் காட்சிக்குத் தள்ளுவார்கள், வேலைக்குப் போகிறவர்கள் பார்க்க முடியாத நேரம் அது. அப்புறம் தூக்கிவிடுவார்கள். பெரிய நட்சத்திரப் படத்துக்கு மூன்று நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஜமாவைப் பற்றி ஒருத்தர் இன்னொருத்தரிடம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வெள்ளி வந்துவிடுகிறது. லப்பர் பந்து முதல் வார இறுதியைத் தாண்டிவிட்டது, அதனால் ஷோக்களைக் கூட்டினார்கள். ஜமாவால் தாண்ட முடியவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வியாழக்கிழமை ராத்திரி டிக்கெட் ஆப்பைத் திறந்து, போஸ்டரில் தெரியாத முகம் இருக்கும் படங்களையும் பாருங்கள். இயக்குநர் பெயரைத் தேடிப் பாருங்கள். பிடித்திருந்தால் வெள்ளி அல்லது சனிக்கிழமையே போய்விடுங்கள், அடுத்த வாரம் என்று தள்ளவேண்டாம். பிடித்துப்போனால் அன்றைக்கே நாலு பேருக்கு போன் போட்டுச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போகும் அளவுக்காவது நேரம் இருக்கும்.